துடுப்பைக் கடித்தவன்

அம்புரோசுக்குக் காது போய்விட்டது என்பது அந்த மார்கழியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அம்புரோஸ். இன்னொன்று அவன் பெண்டாட்டி ஹில்டா. திரேஸ்புரம் கடற்கரையில் மற்ற எல்லோருக்கும் அவன் காதுக்காரன். பிளாரன்ஸ் என்பவளின் வள்ளத்து அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்கு அடியில் மீன் போடும் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறவன்.

கூறல் என்பது சத்தம் போடும் மீன். கத்தாளை மீன் இனம் முழுவதுமே கொஞ்சம் கத்தும். இது அதில் பெரியது, நல்ல மீனென்றால் ஒருவனே தூக்க முடியாது. மழை விட்டு, கோரம்பள்ளம் ஓடை செங்கலங்கலைக் கடலுக்குள் தள்ளி, வாடைக்காற்றில் தண்ணீர் குளிர்ந்ததும், நண்டும் இறாலும் தின்பதற்காகக் கரைப்பக்கம் ஏறி வரும். கலங்கலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மீன் சும்மா இருக்காது. வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையை அதிரவிட்டுக்கொண்டே மேயும். காலிப் பானையை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி இருக்கும். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கிப் பிடியில் காதை ஒட்டவைத்தால் அந்தச் சத்தம் மரம் வழியாக ஏறி வரும். யார் வைத்தாலும் வரும். ஆனால் மீன் ஒன்றா கூட்டமா, நின்று மேய்கிறதா நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதற்கு ஊரில் ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள். அதில் அம்புரோஸ் முதல் ஆள்.

இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காதுக்காரன் துடுப்பை இறக்கிவிட்டால் வள்ளத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். அவன் கையைத் தூக்கினால் வலையை விட வேண்டும், தூக்கிய கைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வலை வளைந்த பிறகுதான் பலகையைத் தட்டி, கூச்சல் போட்டு, மீனை வலைக்குள் விரட்டுவார்கள். அதுவரை வள்ளம் பூசை நேரத்துக் கோயில் மாதிரி கிடக்கும்.

யாரும் பேசாத வள்ளத்தில் ஒருவன் செவிடாக இருப்பதை யார் கண்டுபிடிப்பது? அம்புரோசின் பிழைப்பு அந்த ஒழுங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இடது காது இருபது வயதில், சங்கு குளிக்கப் போன இடத்தில் போயிற்று. ஆழத்துக்கு அவசரமாக இறங்கினான், உள்ளே ஏதோ கிழிந்தது, மேலே வந்தபோது தாடையில் ரத்தம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரையில் சங்கு குளித்தவர்களில் ஒற்றைக் காதோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர். வலது காது போனது வேறு மாதிரி. முதலில் கொசு சத்தம் போயிற்று, அது நல்லதுதான் என்று நினைத்தான். பிறகு கதவு கிறீச்சிடுவது போயிற்று. பிறகு மாதா கோயில் மணி யாரோ சாக்கில் சுற்றி அடிப்பது போல ஆயிற்று. நாற்பது வயது முடிவதற்குள் உலகம் முழுக்க வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கூட்டத்தில் நின்றால் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தான். எப்போதும் சுவர்ப் பக்கம் முதுகு இருக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்தான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சுவாமியார் கிராதிக்கு அந்தப் பக்கம் என்ன பரிகாரம் சொல்கிறார் என்று தெரியாது. எத்தனை பிரியதத்த மந்திரம் விதித்தாரோ, எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் முழு ஜெபமாலை சொல்லிவிட்டு வருவான். இவ்வளவு சொல்கிறானே, அப்படி என்னதான் பாவம் செய்கிறான் என்று கோயிலில் இரண்டு பெண்கள் ஹில்டாவிடமே கேட்டிருக்கிறார்கள்.

விஷயம் பிளாரன்சுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வள்ளம் அவளுடையது. புருஷன் கடலில் போன பிறகு வள்ளத்தை விற்றுவிடு என்று சொன்னவர்களை வாசலோடு அனுப்பிவிட்டுத் தானே ஆள் வைத்து நடத்துகிறவள். போன வருடம் ஒருவனுக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்ததும், நீ நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் மேலும் குறை சொல்ல முடியாது. கடலில் ஒருவன் குறை மற்றவன் உயிர். பாய் சரியும்போது குனி என்று கத்துவார்கள், கேட்காதவன் மண்டையோடு போவான், கூட ஒருவனையும் கொண்டு போவான். செவிடனை எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள். கண் மங்கினவன் இப்போது முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் பெட்டி சுமக்கிறான். காலில் உப்பு அரித்த புண்ணோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறான். அம்புரோஸ் அவனைப் பார்க்காமல் இருப்பதற்காகவே முன்வரிசைக்குப் போய்விடுவான்.

போன வருடக் கூறல் பருவத்தைக் கண்ணாலும் அதிர்ஷ்டத்தாலும் ஓட்டினான். கலங்கலின் விளிம்பு எங்கே முடிகிறது, பறவை எங்கே இறங்குகிறது என்று பார்த்துக் கையைத் தூக்கினான். பாதி நாள் மீன் இருந்தது. இந்த வருடம் முதல் நாளே துடுப்பை இறக்கிக் காதை வைத்தான், வெறும் மரம்தான் இருந்தது. ஆத்திரத்தில் பிடியைக் கடித்தான். கடித்த பல்லில் ஏதோ அதிர்ந்தது.

தாடை எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் வந்தது அது. சத்தம் என்று சொல்ல முடியாது, நடுக்கம். உயிருள்ள ஏதோ ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது என்று பல் சொன்னது. கையைத் தூக்கினான். வலை கனத்து வந்தது. மறுநாளும் அப்படியே. வள்ளத்தில் இருந்தவர்கள் இதைப் புது வித்தை என்று எடுத்துக்கொண்டார்கள். வலை இழுக்கிற கஸ்பார் மட்டும் கரைக்கு வந்ததும் பிடியில் இருந்த பல் தடத்தைத் தடவிப் பார்த்து, துடுப்பு தின்று பசியாறுகிற ஆளுக்கு வீட்டில் சோறு மிச்சம்தான் என்று சொல்லிச் சிரித்தானாம். ஹில்டாதான் அதை வீட்டில் அவன் முகத்துக்கு நேரே வாயை அசைத்துச் சொன்னாள். அன்று அம்புரோசும் சிரித்தான்.

அது ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். இருட்டில் வள்ளம் போகக் கூடாது என்று உத்தரவு. மீறிப் போனால் சுடுவார்கள் என்று ஒரு பேச்சு, அது நிஜமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. அதனால் கூறல் பிடிப்பும் வெளிச்சத்திலேயே நடந்தது. வெளிச்சத்தில் கடலில் வேறு போக்குவரத்தும் உண்டு. கரை ஆழமில்லாததால் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்குத் தோணிகளை இழுத்துக்கொண்டு லாஞ்சுகள் போய்வரும். சண்டை வந்த பிறகு அவை நாள் முழுக்க ஓடின.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில் ஓடை முகத்துக்கு வெளியே அம்புரோஸ் துடுப்பை இறக்கிப் பிடியைக் கடித்தான். அதுவரை அறியாத பலத்தில் பல் அதிர்ந்தது. முழுக் கூட்டம், பெரிய கூட்டம் என்று நினைத்தான். கையைத் தூக்கினான்.

கஸ்பாரும் தொம்மையும் வலையை விட்டார்கள். பின்முனையில் சுக்கான் துடுப்போடு இருந்த வளன் வள்ளத்தை வளைத்துக் கொண்டுவந்தான். வளன் ஹில்டாவின் தம்பி. பலகையைத் தட்டினார்கள், கூச்சல் போட்டார்கள், வலையை இழுத்தார்கள். ஒரு பனைமட்டை வந்தது. தொட்டால் அரிக்கிற சொறிமுட்டை கொழகொழவென்று வந்தது. மீன் ஒன்றும் இல்லை.

முயல் தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு லாஞ்சு இரண்டு தோணிகளை இழுத்துக்கொண்டு வெளிப்பட்டது.

கஸ்பார் லாஞ்சைப் பார்த்தான். அம்புரோசைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் சாய்ந்தான். அவன் சொன்னதை வாய் அசைவிலேயே அம்புரோஸ் தெரிந்துகொண்டான்.

"காதுக்காரரே, லாஞ்சிக்கா வே வலை விட்டீரு? சொல்லியிருந்தா கொஞ்சம் பெரிய வலையா கொண்டாந்திருப்பம்லா."

தொம்மையும் சிரித்தான். அம்புரோஸ் தானும் சிரித்தான். காதால் கேட்கிறவனுக்கு இந்தத் தப்பு நடக்காது. மிஷின் சத்தமும் மீன் சத்தமும் காதுக்கு வேறு வேறு. பல்லுக்கு எல்லாம் ஒரே நடுக்கம். அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லாஞ்சு தீவுக்குப் பின்னால் வரும்போதே இவர்கள் மூன்று பேருக்கும் அதன் இரைச்சல் வெறும் காதில் கேட்டிருக்கும். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் காதுக்காரர் மீனைப் பிரித்தெடுக்கிறாரே என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார்கள். கை தூக்கிவிட்டால் எதிர்ப்பேச்சு கிடையாதே. வாய் திறந்து ஒருவன் கேட்டிருந்தால் போதும். ஒழுங்கு என்று இவர்களும் பேசவில்லை, ஒழுங்கை நம்பி அவனும் இருந்துவிட்டான்.

வளன் மட்டும் சிரிக்கவில்லை. சுக்கான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்புரோசையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அணியத்தில் உட்கார வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்பட்டவன். அந்த ஆசையை அவன் மறைத்ததும் இல்லை.

அன்று பொழுது சாயும்முன் வளன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. அம்புரோஸ் உள்ளே சுவரோரம் இருந்தபடி வாசலில் அக்காவும் தம்பியும் பேசுவதைப் பார்த்தான். ஹில்டாவின் முதுகுதான் தெரிந்தது. அது முதலில் நிமிர்ந்திருந்தது, பிறகு கை ஆடியது, பிறகு தோள் இறங்கியது. வளன் போன பிறகு அவள் உள்ளே வந்து அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கரையிலிருந்து வரும்போது வளன் பின்னாலேயே வந்து அத்தான் அத்தான் என்று கூப்பிட்டானாம். அம்புரோஸ் திரும்பவில்லையாம். சந்தைக்காரி குரலில் கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

"அவனுக்குத் தெரிஞ்சிட்டு," என்றாள். "நாளைக்கு நீங்களா பிளாரன்சுகிட்ட சொல்லணுமாம். இல்லன்னா அவன் சொல்லுவானாம். கூடப் பொறந்தவனா அவன்? இனி இந்த வாசல மிதிக்கட்டும், பாத்துக்கிடுதேன்."

வளன் சொன்னதில் தப்பில்லை என்றான் அம்புரோஸ். வெறும் வலை இழுத்துக்கொண்டு வந்தால் நாலு வீட்டிலும்தான் உலை ஏறாது.

"அப்போ உப்பளத்துக்குப் போவீகளா?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் ஒரு வருடத்துக்கு முன்பே பிளாரன்சிடம் உண்மையைச் சொல்லியிருப்பான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் வள்ளம் இறங்கியது. கஸ்பார் நேற்றைய கதையை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தான் என்பது தொம்மையின் குலுங்கும் தோளில் தெரிந்தது. வளன் சுக்கானில் இருந்தான். அம்புரோஸ் அணியத்தில். வாடை முகத்தில் அடித்தது. ஓடை முகத்தைத் தாண்டி, கலங்கல் தண்ணீரும் நீலத் தண்ணீரும் உரசுகிற இடத்தில் கையைக் காட்டினான். துடுப்புகள் நின்றன. எல்லோர் வாயும் மூடிக்கொண்டது.

அவன் துடுப்பை இறக்கினான். பிடியைக் கடித்தான். பல் அதிர்ந்தது.

அம்புரோஸ் கண்ணை மட்டும் திருப்பிச் சுற்றிலும் பார்த்தான். தீவு இருந்தது. தீவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். தொலைவில் ஒரு கப்பல் புகைந்துகொண்டு நின்றது. கூறலாக இருந்தால் விட்டு விட்டு அடிக்க வேண்டும். ஆனால் துடுப்பில் அலை வந்து மோதுவதும் சேர்ந்து எல்லாம் ஒரே நடுக்கமாகக் குழம்பி வந்தது. கையைத் தூக்கினால் பாதிக்குப் பாதி. மீனாக இருந்துவிட்டால் நேற்று நடந்தது தமாஷ் என்று ஆகிவிடும். வளன் சொன்னாலும் யார் நம்புவார்கள்? காதுக்காரனுக்குக் காது கேட்காது என்றால் பொறாமையில் உளறுகிறான் என்பார்கள். ஹில்டாகூடத் தம்பிக்கு எதிராகச் சத்தியம் செய்வாள். கை பாதி தூக்கியபடி நின்றது.

அவன் அந்தக் கையைத் திருப்பி வளனைப் பார்த்து, வா என்று அழைத்தான்.

வளன் நம்பவில்லை. மறுபடி அழைத்தான். வளன் சுக்கான் துடுப்பைக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டு, தொம்மையின் முழங்காலைத் தாண்டி, தவழ்ந்து அணியத்துக்கு வந்தான். கஸ்பாரின் வாய் திறந்து அப்படியே நின்றது, சத்தம் வந்திருக்காது. அம்புரோஸ் துடுப்பின் பிடியை, எச்சில் ஈரத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, வளனிடம் கொடுத்தான். வளன் காதை வைத்தான்.

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்புரோஸ் தன் விரலால் பலகையைத் தட்டிக் காட்டி, எப்படி என்று புருவத்தால் கேட்டான். வளனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு காதை எடுக்காமலே, இடது கை விரல் முட்டியால் பலகையில் தட்டத் தொடங்கினான். மூன்று தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. நிறுத்தம். நாலு. அம்புரோஸ் உள்ளங்கையைப் பலகையில் பதித்து அதை வாங்கிக்கொண்டான்.

மீன்தான். லாஞ்சு இப்படி மூச்சு வாங்காது.

வளன் கண் விரிந்து அவனைப் பார்த்தது. வலையை விடலாமா என்று கேட்டது அந்தக் கண். அம்புரோஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டி, இன்னும் தட்டு என்று விரலால் காட்டினான். தட்டு இப்போது மெலிந்தது. நிறுத்தங்கள் நீண்டன. கூட்டம் நிற்கவில்லை, வற்றத்தோடு, இறங்குகிற தண்ணீரோடு, சேர்ந்து வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே வலை விட்டால் அதன் வாலுக்குத்தான் விடுவார்கள். அம்புரோஸ் தீவின் வடமுனையைக் காட்டினான். மெதுவாக, துடுப்பு தண்ணீரில் அறையாமல், வள்ளம் அங்கே போயிற்று. வளன் மறுபடி துடுப்பை இறக்கினான். கொஞ்ச நேரம் விரல் சும்மா இருந்தது. பிறகு தட்டத் தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல், இரண்டு கையாலும் தட்டினால்தான் காட்ட முடியும் என்கிற மாதிரி. மேய்ச்சல்.

அம்புரோஸ் தலையசைத்தான். ஆனால் கையைத் தூக்கவில்லை. துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் தூக்க வேண்டும். தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வளன் அவனைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், கையைத் தூக்கினான்.

அந்த வலையை நாலு பேரும் சேர்ந்து இழுத்தும் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. கூறல்கள் பலகையில் விழுந்து வாலால் அறைந்தன. வளன் அழுதானா அல்லது உப்புத் தண்ணீரா என்று தெரியவில்லை, முகம் முழுக்க நனைந்திருந்தது. கஸ்பார் வழியெல்லாம் வாயை அசைக்கவே இல்லை.

கரையில் பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். மீன் வாங்க வந்த பெண்கள், அதில் கூடையோடு ஹில்டா, வேறு வள்ளத்துக்காரர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கரையில் ஒரு வழக்கம். கூறல் பட்ட நாளில் வள்ளத்துக்குச் சொந்தக்காரர், இருக்கிறதில் பெரிய மீனைத் தன் கையாலேயே கீறி, அதன் காற்றுப்பையை எடுத்து, கை தூக்கினவனிடம் கொடுக்க வேண்டும். நெட்டி என்பார்கள் அதை. முன்பு அது காய்ந்து பினாங்குக்குப் போகும். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு வாங்க நாதியில்லை. இருந்தாலும் கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. பத்துப் பேர் பார்க்க அதை வாங்குவதில்தான் காதுக்காரனுடைய மரியாதை இருந்தது.

பிளாரன்ஸ் மீனைக் கீறினாள். வெள்ளை வெளேரென்று வழுக்கிய நெட்டியைக் கடல் தண்ணீரில் அலசி அம்புரோசிடம் நீட்டினாள்.

அம்புரோஸ் வாங்கவில்லை. வளனைக் காட்டினான்.

பிளாரன்ஸ் ஏதோ கேட்டாள். வளன் முன்னால் வந்து ஏதோ சொன்னான், கையால் பலகையில் தட்டுகிற மாதிரி காட்டினான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அம்புரோசைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சொல்லிவிடுவேன் என்று முந்தின நாள் மிரட்டினவன் இப்போது காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். கஸ்பாரும் தொம்மையும் அவரவர் கையைப் பார்த்தார்கள்.

அம்புரோஸ் பிளாரன்சின் அருகில் போனான். அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று குனிந்து, ரகசியமாகச் சொன்னான்.

"எனக்குக் காது கேக்காது, தங்கச்சி. ரெண்டும் போயிட்டு. ஒரு வருசமாச்சி."

செவிடனுக்குத் தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. கரையின் அந்தக் கோடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். மீன் பேரம் நின்றது. எல்லா முகமும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, தான் சொன்னது பிளாரன்ஸ் காதோடு நிற்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதும் புரிந்தது. யாரையும் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிளாரன்சும் வளனும் பேசிக்கொண்டார்கள். நீளமாகப் பேசினார்கள். நடுவில் தொம்மையும் ஏதோ சொன்னான், பிளாரன்ஸ் அவனைக் கையமர்த்தினாள். தன்னைப் பற்றிய பேச்சை அம்புரோஸ் வெயிலில் நின்றபடி பார்த்தான். ஹில்டா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, என்ன சொல்கிறார்கள் என்று சொல்ல அவன் எதிரே நின்றாள். பிளாரன்ஸ் அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, தானே அவன் எதிரில் வந்து நின்றாள். அவளுடைய கையில் இன்னும் மீன் ரத்தம் இருந்தது. வாயை நிதானமாக அசைத்தாள்.

"எங்கிட்ட சொல்லாம ஏமாத்திட்டீக அண்ணே. அது தப்புதான். இனி அணியத்துல வளன். நீங்க நடுப்பலகையில துடுப்பு போடணும். காத்து கூடுனா, பாய் திரும்புனா, வளன் முதுகுல தட்டுவான். தட்டுனவொடன பாக்கணும். ஒரு தடவ பாக்கலன்னாலும் அன்னைக்கோட சரி. சம்மதமா?"

ஒவ்வொரு வார்த்தையையும் அவன் அவள் உதட்டிலிருந்து பொறுக்கி எடுத்தான். சம்மதம் என்று வாயால் சொல்லப் போனவன், இந்தமுறை எவ்வளவு சத்தமாக வருமோ என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டினான். பிளாரன்ஸ் திரும்பிப் போய் நெட்டியை வளன் கையில் வைத்தாள். வளன் வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்றோ, அத்தானுக்குக் கொடுங்கள் என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்புரோசுக்குப் பிடித்திருக்காது.

மறுநாள் அம்புரோஸ் தொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். துடுப்புப் போடுகிறவன் பின்முனையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அணியம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இத்தனை வருடமாக அவன் முகத்தில் அடித்த வாடை இப்போது பிடரியில் அடித்தது. எதிரே சுக்கானில் கஸ்பார். கஸ்பார் அவனைப் பார்த்து, வாயை அகலமாக, ஒவ்வொரு எழுத்தாக அசைத்தான்.

"இன்னைக்காவது துடுப்ப மென்னுராம, வலிச்சுப் பாரும்."

தொம்மையின் தோள் குலுங்கியது. அம்புரோசுக்குச் சிரிப்பு வந்தது. இந்தமுறை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை.

கலங்கல் விளிம்பில் வள்ளம் நின்றது. பேச்சு நின்றதைக் கஸ்பாரின் மூடிய வாயில் பார்த்தான். பின்னால் வளன் துடுப்பை இறக்கியிருப்பான், காதை வைத்திருப்பான். பார்க்க முடியவில்லை, திரும்பவும் கூடாது. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடல்குருவி ஒன்று மூழ்கி எழுந்தது.

முதுகில் ஒரு கை பட்டது. அம்புரோஸ் சட்டென்று திரும்பினான். வளன், இல்லை என்று தலையசைத்தான். காற்றும் கூடவில்லை, பாயும் திரும்பவில்லை. திரும்பி உட்கார் என்று கண்ணால் சொன்னான். அம்புரோஸ் திரும்பி உட்கார்ந்தான். அப்போது விரல் முட்டி அவன் தோள்பட்டைக்குக் கீழே தட்டத் தொடங்கியது. மூன்று. நிறுத்தம். இரண்டு. நிறுத்தம். இதைப் பிளாரன்ஸ் சொல்லவில்லை.

அவன் கண்ணை மூடி முழுவதையும் வாங்கிக்கொண்டான். தட்டு மெலியத் தொடங்கியதும் துடுப்பிலிருந்து இடது கையை எடுத்துத் தீவுப் பக்கம் நீட்டினான். கஸ்பார் ஒன்றும் கேட்காமல் வள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பினான்.